கடைமடைக் கணக்கு

(ஒளியிழை வலைப்பின்னல்களின் செயல்திறனை ஒப்பிடுவது பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டு, இரண்டே நிபந்தனைகள் விதித்தாராம். சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும். பேசுகிறவர் பேசியதை எழுதியும் கொடுக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைதான் என்னைப் பயமுறுத்தியது. மேடையில் கையை ஆட்டித் தப்பித்துவிடலாம். அச்சில் எண் எண்ணாகவே நிற்கும். அந்த ஆசிரியரை மனத்தில் வணங்கித் தொடங்குகிறேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேபிள் பதிப்பதும் அறுந்த கேபிளை ஒட்டுவதுமாக வாழ்ந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பொறியியல் கல்லூரிகளில் மாணவர்களின் ப்ராஜெக்ட் வைவாவுக்கு அழைக்கிறார்கள். பாதிக்குப் பாதி ஒரே தலைப்புதான் வரும்: ஒளியிழை வலைப்பின்னல்களின் செயல்திறன் ஒப்பீடு. பஸ், ஸ்டார், ரிங், ட்ரீ என்று நான்கு அமைப்புகளைக் கணினியில் வரைந்து, பிட் பிழை விகிதம் எவ்வளவு, க்யூ மதிப்பு எவ்வளவு என்று பட்டியல் போட்டிருப்பார்கள். க்யூ மதிப்பு 6 இருந்தால் நூறு கோடி பிட்டுக்கு ஒரு பிட் பிழை. ஆகவே இந்த அமைப்பே சிறந்தது என்று முடித்திருப்பார்கள். கணக்கில் தவறு இருக்காது. நான் ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: "தம்பி, உங்கள் ரிங்கின் இரண்டு பக்கமும் ஒரே பாலத்தின் மேலா போகிறது?" பையன் விழிப்பான். மென்பொருளில் பாலம் கிடையாது.

நான் காவிரியின் கடைமடையில் பிறந்தவன். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தால் எத்தனை கன அடி என்று செய்தி வரும். என் அப்பா அந்த எண்ணைக் காதில் வாங்கிக்கொள்வார்; நம்பமாட்டார். கல்லணை தாண்டி, கிளை வாய்க்கால் தாண்டி, எங்கள் வயல் மடைக்குத் தண்ணீர் வந்த நாளைத்தான் காலண்டரில் குறித்துவைப்பார். இன்று நான் சொல்ல வந்ததும் அந்தக் காலண்டர் குறிப்பைப் போன்ற ஒன்றுதான். தலைமடை எண்ணை வைத்து வலைப்பின்னல்களை ஒப்பிட்டுப் பழகிவிட்டோம். கடைமடையில், அதுவும் மோசமான நாளில், என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்து ஒப்பிட வேண்டும். நான்கு அளவுகோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வருகிறேன்.

1. எவ்வளவு தூரம் போகிறது?

முதல் அளவுகோல் இழப்பு. கண்ணாடிக்குள் போகும் ஒளி வழியிலேயே தேய்கிறது. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்டு ஹாப்கின்ஸும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கண்ணாடி இழைக் கற்றை வழியே படங்களைக் கடத்திக் காட்டி 1954இல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கண்ணாடியில் ஒளி சில மீட்டர்தான் உருப்படியாகப் போகும். 1966இல் இங்கிலாந்தின் ஹார்லோ நகர ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு வரம்பு குறித்தார்கள்: கிலோமீட்டருக்கு 20 டெசிபல் இழப்புக்குள் கண்ணாடியைக் கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்கு அது போதும். அன்றைய நல்ல கண்ணாடியிலேயே இழப்பு கிலோமீட்டருக்கு 1,000 டெசிபல் அளவில் இருந்தது. மாசைக் களைந்தால் இது குறையும் என்று காவோ வாதாடினார். நான்கே ஆண்டுகளில், 1970இல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் மூவரும் அந்த வரம்பைத் தாண்டினார்கள். காவோவுக்கு 2009இல் இயற்பியல் நோபல் பரிசின் பாதி கிடைத்தது.

டெசிபல் என்றதும் மாணவர்கள் மடக்கை அட்டவணையைத் தேடுவார்கள். எளிதாகச் சொல்கிறேன். 20 டெசிபல் இழப்பு என்றால் நூறு பங்கில் ஒரு பங்கு மிச்சம். காவோ கேட்டது ஒரு கிலோமீட்டரில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும் என்பதுதான். இன்று தெருவில் பதிக்கும் சாதாரண இழையில், 1,550 நானோமீட்டர் அலைநீளத்தில், இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். அதாவது நூறு கிலோமீட்டர் போன பிறகும் அதே ஒரு பங்கு மிஞ்சுகிறது.

இங்கே ஒரு அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. 1980களின் பிற்பகுதியில் எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்க முடிந்தது. கண்ணாடி மிகக் குறைவாக விழுங்கும் அந்த 1,550 நானோமீட்டரை ஒட்டித்தான் எர்பியமும் வேலை செய்கிறது. கடலடிக் கேபிளில் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக இந்தப் பெருக்கிகள் உட்கார்ந்திருக்கின்றன. கரையிலிருந்து கேபிளின் செம்புக் குழல் வழியே அவற்றுக்கு மின்சாரம் போகிறது.

இழப்பை வைத்து ஒப்பிடுவதில் இன்று பெரிய சுவாரசியம் இல்லை. நல்ல இழைக்கும் மிக நல்ல இழைக்கும் வித்தியாசம் சிறியது. களத்தில் இழப்பைத் தீர்மானிப்பது ஜாயிண்ட்தான். நன்றாக ஒட்டிய ஸ்ப்ளைஸில் 0.05 டெசிபல்கூடப் போகாது. மழையில், டார்ச் வெளிச்சத்தில், அவசரமாக ஒட்டியதில் அதைப்போலப் பத்து மடங்கு போவதைப் பார்த்திருக்கிறேன்.

2. எவ்வளவு கொள்கிறது?

இரண்டாவது அளவுகோல்தான் செய்தித்தாளுக்குப் பிடித்தது: கொள்திறன். அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழைக் கேபிள் டாட்-8. 1988 டிசம்பரில் திறந்தார்கள். வேலை செய்த இழை இணைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நொடிக்கு 280 மெகாபிட். இதன் மூலம் 40,000 பேர் ஒரே நேரத்தில் பேசலாம் என்பதே அன்று உலக அதிசயம். அமெரிக்காவின் வர்ஜீனியா பீச்சிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோவுக்கு 2017இல் போட்டுமுடித்த மரேயா கேபிளில் எட்டு இணைகள். வடிவமைப்புத் திறன் நொடிக்கு 160 டெராபிட். மடங்கு போட்டுப் பார்த்தால் சுமார் 2.85 லட்சம்.

நம் கரைக்கு வருவோம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் வந்த ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர், எட்டு இணைகள், வடிவமைப்புத் திறன் 8.4 டெராபிட். சிங்கப்பூரிலிருந்து சென்னை, மும்பை, எகிப்து வழியாகப் பிரான்சின் மார்செய் வரை போகும் சீ-மீ-வீ 4 கேபிள் 2005இல் திறக்கப்பட்டது. நீளம் 18,000 கிலோமீட்டருக்கு மேல், இரண்டே இணைகள், தொடக்க வடிவமைப்புத் திறன் 1.28 டெராபிட். இரண்டில் எது பெரியது? எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவது. பதினான்கு நாடுகளின் கரையைத் தொடுகிறதே, அந்த வகையில் இரண்டாவது. அகலமான சாலையையும் நீளமான சாலையையும் ஒரே கோலால் அளக்கிறோம் என்பதை ஒப்பிடுகிறவர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. திறப்பு விழாவில் சொல்லும் எண் பெரும்பாலும் வடிவமைப்புத் திறன். உண்மையில் ஒளி ஏற்றிய திறன் அதில் ஒரு பங்குதான் இருக்கும். பிறகு, கடலுக்குள் கை வைக்காமலே, இரண்டு கரையிலும் கருவியை மாற்றித் திறனைக் கூட்டிக்கொண்டே போவார்கள். சீ-மீ-வீ 4 அப்படித்தான் பல மடங்கு வளர்ந்தது. ஆகவே ஒரு கேபிளின் 2005 எண்ணையும் இன்னொன்றின் 2025 எண்ணையும் பக்கத்தில் வைத்தால் அது ஒப்பீடு ஆகாது.

கடைமடையில் இந்த எண் என்ன ஆகிறது? வீட்டுக்கு வரும் இணைப்பில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு இழை வருகிறது. தெருமுனை ஸ்ப்ளிட்டரில் அது 32 ஆகவோ 64 ஆகவோ பிரிகிறது. கீழிறங்கும் வேகம் நொடிக்கு 2.488 ஜிகாபிட், மேலேறுவது அதில் பாதி. 32 வீடும் ஒரே நேரத்தில் இழுத்தால் வீட்டுக்கு 78 மெகாபிட்; 64 வீடு என்றால் 39. விளம்பரத்தில் 300 மெகாபிட் "வரை" என்று இருக்கும். அந்த "வரை"யில்தான் ஸ்ப்ளிட்டர் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில் வியாபாரம் நடக்கிறது. பெரும்பாலும் நடக்கவும் செய்கிறது. ஆனால் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஸ்ப்ளிட்டர் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

3. எவ்வளவு நேரம் ஆகிறது?

டாட்-8 முதல் மரேயா வரை கொள்திறன் 2.85 லட்சம் மடங்கு கூடியது. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் துளியும் கூடவில்லை. வெற்றிடத்தில் நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும் ஒளி, கண்ணாடியில் சுமார் இரண்டு லட்சத்து நான்காயிரம் கிலோமீட்டர்தான் போகிறது. கிலோமீட்டருக்கு 4.9 மைக்ரோநொடி. இதில் எந்த நிறுவனமும் தள்ளுபடி தர முடியாது. வழியைக் குறுக்குவதொன்றே வழி.

வழியைக் குறுக்கவே கோடிகளைக் கொட்டியவர்கள் உண்டு. சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஸ்ப்ரெட் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் மலையைக் குடைந்து 827 மைல் நீளத்துக்கு நேரான கேபிள் போட்டது. 2010இல் திறந்தார்கள். போய்த் திரும்ப சுமார் 13 மில்லிநொடி. பழைய கேபிள்களைவிடச் சில மில்லிநொடி மிச்சம். அந்த மிச்சம் பங்குச்சந்தைத் தரகர்களுக்குத் தங்கம். சில ஆண்டுகளுக்குள் மைக்ரோவேவ் கோபுரங்கள் அதை முந்திவிட்டன. காற்றில் ஒளி கண்ணாடியைவிட வேகமாகப் போகிறது அல்லவா? கொள்திறனில் அந்தக் கோபுரங்கள் இழைக்குக் கால்தூசி. ஆனால் அங்கே கேட்ட கேள்வியே வேறு.

நமக்கு நெருக்கமான உதாரணம் அந்தமான். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நேர்த்தூரம் சுமார் 1,360 கிலோமீட்டர். நெடுங்காலம் அந்தத் தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. அது 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்குவதற்குள் அரை நொடி ஆகிவிடும். 2020 ஆகஸ்ட் 10இல் சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். செலவு 1,224 கோடி ரூபாய். போர்ட் பிளேரோடு கார் நிகோபார், கமோர்ட்டா, பெரிய நிகோபார் உள்ளிட்ட தீவுகளையும் இணைக்கிறது. இதில் ஒளி சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் போய்வர 15 மில்லிநொடியை ஒட்டித்தான் ஆகும்.

இந்த வித்தியாசத்தைக் காத்திருப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். இணையத்தின் டிசிபி முறையில், அனுப்பிய கட்டு வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். பழைய இயல்புநிலையில் ஒரு தடவைக்கு 65,535 பைட் வரைதான் அனுப்பலாம். அரை நொடிக்கு ஒரு முறை இவ்வளவு என்றால் நொடிக்கு ஒரு மெகாபிட்தான் தேறும். குழாய் எத்தனை அகலமாக இருந்தாலும் சரி. அதே கட்டு சென்னை–சிங்கப்பூர் கேபிளில் 31 மில்லிநொடியில் போய்வந்தால் 17 மெகாபிட். இன்றைய மென்பொருள்கள் இந்த வரம்பைத் தளர்த்திவிட்டன. ஆனாலும் பாடம் அப்படியே இருக்கிறது: தாமதம் கொள்திறனைத் தின்னும். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் போட்டு ஒப்பிடுகிறவர்கள் இந்த உறவைத் தவறவிடுகிறார்கள்.

4. அறுந்தால் என்ன மிஞ்சும்?

இப்போது பாலத்துக்கு வருகிறேன்.

டெல்டாவில் ஒரு ஊர். அந்த ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு ரிங் கொடுத்திருந்தோம். ஒரு பக்கம் அறுந்தால் 50 மில்லிநொடிக்குள் மறுபக்கம் மாறிக்கொள்ளும் என்பது தரநிலை. வரைபடத்தில் அழகாக வட்டமும் இருந்தது. ஒரு நாள் ஆற்றுப் பாலத்து முகப்பில் சாலை அகலப்படுத்த பொக்லைன் வந்தது. ஒரே அள்ளலில் ஊர் முழுக்க இருட்டு. ரிங் ஏன் மாறவில்லை என்று ஓடினால், வட்டத்தின் இரண்டு பக்கமும் அந்த ஒரே பாலத்தில், இரண்டு முழ இடைவெளியில் போகிறது. ஆற்றைக் கடக்க வேறு பாலம் தொலைவில் இருந்தது, செலவை மிச்சப்படுத்தியிருந்தார்கள். வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கணக்காகப் பாருங்கள். ஒரு வழி ஆண்டில் 99.9 விழுக்காடு நேரம் உயிரோடு இருக்கிறது என்றால், 8 மணி 46 நிமிடம் செத்துக் கிடக்கிறது. இரண்டு வழிகள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை என்றால், இரண்டும் சேர்ந்து சாகும் நேரம் ஆண்டுக்கு 32 நொடிக்கும் குறைவு. எட்டே முக்கால் மணி நேரம் அரை நிமிடமாகச் சுருங்குகிறது. எந்தக் கண்ணாடியும், எந்தப் பெருக்கியும் தராத முன்னேற்றம் இது. ஆனால் "சம்பந்தமே இல்லாதவை" என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே பாலம் என்றால் இரண்டு கேபிளும் ஒரு கேபிள்தான்.

அந்த ஊர்ப் பாலத்தில் நடந்தது உலகத்துக்கும் நடந்திருக்கிறது. 2006 டிசம்பர் 26இல் தைவானின் தெற்கே நிலநடுக்கம். கடலடிச் சரிவில் ஒன்பது கேபிள்கள் அறுந்தன. 11 கப்பல்கள் 49 நாள் உழைத்துச் சரிசெய்தன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃப்ளாக் என்ற இரண்டு கேபிள்களும் அறுந்தபோது இந்தியாவின் இணையத் திறனில் பெரும்பகுதி போனது. நிறுவனங்கள் கிழக்கே திரும்பி, பசிபிக் வழியாகச் சுற்றி மேற்கை அடைந்தன. 2024 பிப்ரவரியில், ஏவுகணை தாக்கிய ரூபிமார் என்ற கப்பல் நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து சென்று, செங்கடலில் மூன்று கேபிள்களை அறுத்ததாகக் கருதப்படுகிறது. போர்ப் பகுதி என்பதால் பழுதுபார்க்க மாதங்கள் ஆயின. ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகும் கேபிள்கள் பெரும்பாலும் அந்தக் குறுகிய கடலைத்தான் கடக்கின்றன. வேறு வேறு பெயர், வேறு வேறு முதலாளி, ஒரே பாலம்.

ஒரே கேபிளை நம்பியவர் கதை இன்னும் கொடுமை. 2022 ஜனவரி 15இல் எரிமலை வெடித்தபோது டோங்கா தீவுநாட்டை உலகோடு இணைத்த ஒரே கேபிள் சிதைந்தது. மீண்டும் ஒளி வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆயிற்று. அறுவதற்கு முந்திய நாள் ஒப்பீடு செய்திருந்தால் அந்தக் கேபிள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கும்.

எரிமலையும் போரும் அரிது. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 கடலடிக் கேபிள் பழுதுகள் நேர்கின்றன. பெரும்பாலானவை மீன்பிடி வலையாலும் நங்கூரத்தாலும் வருபவை. கடலில் நங்கூரம் செய்வதைத் தரையில் பொக்லைன் செய்கிறது.

சென்னைக்கு இந்தக் கணக்கில் ஒரு பெருமை உண்டு. மெட்ராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் 1871இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. இன்றைய கிழக்குக் கேபிள்கள் ஏறக்குறைய அதே திசையில்தான் போகின்றன. மேற்கே செங்கடல் அடைபடும்போது நாட்டுக்கு மாற்று வாசலாக நிற்பது இந்தக் கரை. அப்படிப்பட்ட கரையின் மதிப்பை டெராபிட் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

கடைமடையின் மோசமான நாள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கம்பத்தில் கட்டிய கேபிள் கம்பத்தோடு போனது. மண்ணுக்குள் இருந்த இழை பல இடங்களில் பிழைத்தது; ஆனால் அதன் இரண்டு முனையிலும் மின்சாரம் இல்லை. பழைய செம்புத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் மணி அடிக்கும். இழையில் ஒளி மட்டுமே வரும். வீட்டுப் பெட்டிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். எல்லா வகையிலும் செம்பைத் தோற்கடித்த இழை, இந்த ஒன்றில் செம்பிடம் தோற்கிறது. ஒப்பீட்டுப் பட்டியல் எதிலும் இந்த வரி இருப்பதில்லை.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் நொடிக்கு ஒரு ஜிகாபிட் என்ற இலக்கோடு பாரத்நெட் திட்டத்தை டான்ஃபினெட் நிறுவனம் எடுத்துச் செய்கிறது. மகிழ்ச்சியான இலக்கு. ஆனால் 12,525 என்பதும் ஒரு ஜிகாபிட் என்பதும் மேட்டூர் எண்கள். மடை எண்கள் வேறு. ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் இழைக்கு இரண்டாவது வழி உண்டா? கம்பத்திலா, மண்ணிலா? மின்சாரம் போனால் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? அறுந்தால் ஒட்ட வருகிற ஆள் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்? இந்த நான்கையும் ஒவ்வொரு ஊராட்சிக்கும் எழுதித் தொங்கவிட்டால், அதுவே நான் கேட்கும் செயல்திறன் ஒப்பீடு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். க்யூ மதிப்பைக் கணக்கிடுங்கள். பிழை விகிதத்தையும் கணக்கிடுங்கள். அவை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதோடு உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு பக்கம் சேருங்கள். உங்கள் வலைப்பின்னலில் எந்த இழையையாவது ஒன்றை அறுங்கள். எத்தனை பேருக்கு இணைப்பு போகிறது, மிஞ்சியவர்களுக்கு எவ்வளவு திறன், எவ்வளவு தாமதம், திரும்ப எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வரும் கேபிளின் பாதையிலேயே ஒரு தடவை போய்வாருங்கள். வழியில் ஒரு பாலம் இருக்கும். இறங்கி, குனிந்து பாருங்கள்.